மணி இல்லாத சைக்கிள்

ஜூன் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் அத்தானின் முதுகைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? பல் ஆஸ்பத்திரியில் அந்த ஆடுகிற நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா?

பாலம் கட்டுகிற இடம் என்றால் ஏதோ பெரிய ஊர் என்று நினைத்து வந்தேன். ஆற்றங்கரையில் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள், சிமென்ட் மூட்டை, இரும்புக் கம்பி, அவ்வளவுதான். போனில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வருமாம். தொட்டி மேல் ஏறிப் பேசுகிற வயதா எனக்கு? அதனால் கடிதம்தான். ஒருவகையில் நல்லது. போனில் என்றால் எதைச் சொன்னாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய்.

யோகா வகுப்பை உன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரே வருடம். பாலம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வேன். எனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த மாடி அறை ஒன்றுதான், உனக்கே தெரியும். அதனால் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன், முகம் சுளிக்காதே.

என் நீல விரிப்பை எப்போதும் போல முன்னால் விரித்து வை. அதில் யாரும் உட்காரக் கூடாது, நீயும்தான். நீ பக்கத்தில் நின்று நடத்து. அதைப் பார்க்கும்போது நான் வரப்போகிறேன் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசியில் சவாசனத்தில் படுத்திருப்பவர்களை எழுப்ப ஜன்னல் கட்டையில் இருக்கும் என் சைக்கிள் மணியையே அடி. கையைத் தட்டி எழுப்பாதே, திடுக்கிட்டு எழுந்தால் செய்ததெல்லாம் வீண். முட்டிக்கார அம்மாவை மண்டி போடச் சொல்லாதே. கொட்டாவிக்காரர் கொட்டாவி விட்டால் கண்டுகொள்ளாதே.

என் பச்சை சைக்கிளைத் துருப்பிடிக்க விடாமல் ஓட்டு. பஸ்ஸில் போய்த்தான் உன் உடம்பு மரக்கட்டையாகப் போனது. மணி இல்லையே என்று பயப்படாதே, என்னைப் போல வாயைத் திறந்து "ஓரம்!" என்று ஒரு சத்தம் போடு, தெருவே ஒதுங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

உன் அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றவில்லை, அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன்.

வகுப்பு நடக்கிறது. விரிப்பு விரித்தாயிற்று, மணி அடித்தாயிற்று. எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். முட்டிக்கார அம்மா தினமும், "அக்கா லெட்டர் போட்டாங்களா?" என்கிறார். கீழே மெத்தைக் கிடங்குக் காவல்காரரும் விசாரித்தார்.

சைக்கிளை எடுத்தேன் அக்கா. சிரிக்காதே. முதல் நாள் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், ஆள் இல்லாத இடத்தில் ஏறினேன். முன்னால் ஓர் அம்மா குடை பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் போனார். "ஓரம்" என்று சொல்ல வாய் வரவில்லை. தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. அவர் பின்னாலேயே, ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில், மார்க்கெட் வரை போனேன். அவர் திரும்பிப் பார்த்து, "எதுக்கும்மா என் பின்னாடியே வர்ற?" என்று கேட்டார். நீயாக இருந்தால் அவர் குடையோடு சாக்கடையில் இறங்கியிருப்பார்.

ஆனால் மெதுவாகப் போனால் ஒரு நன்மை இருக்கிறது. இத்தனை வருடம் பஸ்ஸில் போன அதே வழியில் ஒரு வேப்பமரம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

அத்தானுக்கு என் வணக்கம். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
சின்னு

ஜூலை 9

அன்புள்ள சின்னுவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீங்கள் அங்கே சுகமாக இருப்பதைப் படித்ததில் திருப்தி. குடைக்கார அம்மா கதையை உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. பாவம் உனக்குத்தான்.

இங்கே கம்பி கட்டுகிறவர் ஒருவரிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டேன். இதில் மணி இருக்கிறது. இருந்தும் பழக்க தோஷத்தில் கத்திவிடுகிறேன். ஆற்றங்கரையில் மண் பாதை, காலையில் போனால் காற்று முகத்தைக் கழுவிவிடும். குடியிருப்புப் பெண்கள் சிலர் "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்று வந்தார்கள். மணல்மேட்டில் சாக்கை விரித்து ஆரம்பித்துவிட்டேன். முடிவில் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி அதன் மணியையே அடிக்கிறேன். சும்மா இருக்க என் உடம்புக்குத் தெரியாது. ஆனாலும் மாடி அறை நினைவுதான். ஜன்னல் வழியாக வெயில் என் விரிப்பு வரை வந்துவிட்டதா இந்த மாதம்?

விவரமாக எழுது என்றால் வேப்பமரத்தைப் பற்றி எழுதுகிறாய். யார் யார் வருகிறார்கள், யார் எந்த ஆசனத்தில் சிரமப்படுகிறார்கள், அதைச் சொல். அரட்டை அடிக்க விடாதே. ஒரு நாள் சிரிக்க விட்டால் மறுநாள் பலகாரத்தோடு வந்துவிடுவார்கள்.

உன் முதுகு இன்னும் வளையவில்லையா, மரக்கட்டை?

உன் அக்கா

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருக்கிறேன். உங்கள் இருவரின் சுகத்தையும் எழுது.

வெயில் உன் விரிப்பின் பாதி வரை வருகிறது.

அக்கா, சைக்கிளில் இவ்வளவு சுகம் இருப்பதை நீ ஏன் எனக்குச் சொல்லவே இல்லை? நீ எப்போதும் "ஓட்டு, உடம்புக்கு நல்லது" என்றுதான் சொல்வாய், மருந்து குடிக்கச் சொல்வது போல. இறக்கத்தில் பெடல் மிதிக்காமல் போகும்போது வயிற்றில் ஒரு குறுகுறுப்பு வருமே, அதை யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது முகம் சிவந்து போகிறது. டாக்டர், "என்னம்மா, லாட்டரி விழுந்துதா?" என்று கேட்டார். தினமும் ஒரே நேரத்தில் வேலைக்கு சைக்கிளில் போகிறவர்கள் சிலர் பழக்கமாகிவிட்டார்கள். சிக்னலில் நின்று பேசிக்கொள்வோம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், தையல் கடைக்காரி ஒருத்தி, இப்படி. இரண்டு மூன்று பேர் வகுப்புக்கும் வருகிறார்கள்.

பழைய ஆட்களும் நன்றாக இருக்கிறார்கள். கொட்டாவிக்காரர் கொட்டாவியை நிறுத்தவில்லை. முட்டிக்கார அம்மா நேற்று வஜ்ராசனத்தில் உட்கார்ந்து ஒரே சிரிப்பு. நான்தான் அதட்டி அடக்கினேன்.

முதுகு கொஞ்சம் வளைகிறது.

அன்புடன்,
சின்னு

ஆகஸ்ட் 19

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகமா?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முட்டிக்கார அம்மா வஜ்ராசனத்திலா? இரண்டு காலையும் மடக்கிக் குதிகால் மேல் உட்காருவதற்கா? அவர் முட்டிக்குள் இருப்பது இரும்பு, சின்னு! ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்கிறார், உன் கண் முன்னால்தானே! வேறு யாரையாவது பார்த்து எழுதிவிட்டாயா, இல்லை ஏதோ யோசனையில் எழுதினாயா? நிஜமாகவே அவரை மடக்கி உட்கார வைத்திருந்தால் உன்னை நான் சும்மா விடமாட்டேன். உடனே பதில் போடு, எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு சங்கதி. வேலை மளமளவென்று போகிறது. ஒரு வருடம் முழுதும் காத்திருக்க வேண்டாம், நீ ஜனவரியிலேயே முன்னால் போய்விடு என்கிறார் உன் அத்தான். வகுப்பில் சொல்லிவிடு. எனக்கு இப்போதே கால் தரையில் பாவவில்லை.

உன் அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலம்தானே?

வேலை அதிகம், அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. முட்டிக்கார அம்மா தலையணை வைத்து உட்கார்ந்தார். கவலைப்படாதே.

ஜனவரியில் குளிர் அதிகமாக இருக்கும். அத்தானைத் தனியாக விட்டுவிட்டு நீ மட்டும் அவசரமாக வர வேண்டாமே. அவருக்கு முதுகு வேறு. பாலம் முழுதாக முடியட்டும். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

அன்புடன்,
சின்னு

அக்டோபர் 16

சின்னுவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உனக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த முறை நீளமாக எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுது. வகுப்பில் என்னைப் பற்றிக் கேட்கிறார்களா? கேட்டால் நீ என்ன சொல்கிறாய்?

அக்கா

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னுவின் அன்பு. நாங்கள் சுகமே. உன் கடிதம் ஏன் இப்படிச் சுருங்கிப் போனது? கோபமா? அத்தானோடு சண்டையா?

உன்னைப் பற்றிக் கேட்காத நாள் உண்டா? "அக்கா எப்ப வர்றாங்க, எப்ப வர்றாங்க" என்று என்னைப் பிய்த்து எடுக்கிறார்கள். "பாலம் முடியணும்ல, வந்துருவாங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கொட்டாவிக்காரர் கூட, "உங்கக்கா இல்லாம வகுப்பு உப்புச்சப்பு இல்லாம இருக்கு" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அவர் சொல்வது நியாயம்தானே.

உன் விரிப்பைத் தினமும் தட்டி விரிக்கிறேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
சின்னு

நவம்பர் 14

சின்னு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் இங்கே புதிதாக ஒரு ஸ்டோர் கீப்பர் வந்தார். உன் அத்தானின் கம்பெனி அங்கிருந்துதானே ஆட்களை அனுப்புகிறது. அவர் மனைவி மறுநாளே மணல்மேட்டுக்கு வந்துவிட்டாள். நல்ல பெண். சொல்லிக் கொடுக்காமலே மூச்சைச் சரியாக விட்டாள். கடைசியில் எல்லோரும் சவாசனத்தில் படுத்திருந்தார்கள். நான் சைக்கிள் மணியை அடித்தேன். எழுந்து உட்கார்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஊர் வகுப்புலயும் இப்படி சைக்கிள் மணிதான் அடிப்பாங்க மேடம். மெத்தைக் கிடங்கு மாடியில. எங்க டீச்சரோட அக்கா ஆரம்பிச்ச வகுப்பு அது. அவங்க மணியாம்."

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "பாவம், அவங்க இறந்துட்டாங்க. அவங்க விரிப்பு முன்னாடி விரிச்சபடியே இருக்கும். தினம் ஒரு பூ வெச்சு, ஒரு நிமிஷம் எழுந்து நின்னுட்டுத்தான் ஆரம்பிப்போம்."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். "எப்படிப் போனாங்களாம்?" என்று கேட்டேன். என் குரல்தான் கேட்டது, ஆனால் என்னுடையது போல இல்லை.

"தூக்கத்துலயாம் மேடம். டீச்சர் சொன்னாங்க. கொடுத்து வெச்சவங்க."

அவளிடம் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். வழியில் சைக்கிளை எங்கே விட்டேன் என்று கூடத் தெரியவில்லை. உன் அத்தான் போய் எடுத்து வந்தார். ஏதோ தப்பு நடந்திருக்கும், அந்தப் பெண் எதையோ போட்டுக் குழப்புகிறாள் என்று நினைத்தேன். அதனால்தான் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தேன், சின்னு. நீ "அக்கா எப்ப வர்றாங்க" என்று பிய்த்து எடுப்பதாக எழுதினாய். செத்தவள் எப்போது வருவாள் என்று யாராவது கேட்பார்களா?

சாகிற மாதிரி எனக்கு ஒன்றுமே வந்ததில்லை. ஜலதோஷம் கூட வருடத்துக்கு ஒரு தடவைதான். என்னை ஏன் சாகடித்தாய்? என் கூடப் பிறந்தவள் நீ.

அக்கா

டிசம்பர் 12

அக்கா,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நீ போன பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். முட்டிக்கார அம்மாதான் முதலில். "அக்கா வந்ததும் சொல்லும்மா, வரேன்" என்றார். ஜூலையில் கொட்டாவிக்காரர் மட்டும் மிச்சம். பிறகு அவரும் வரவில்லை. ஒருநாள் யாருமே இல்லை. உன் விரிப்பும் நானும்தான். நானாகவே எல்லா ஆசனமும் செய்துவிட்டு சவாசனத்தில் படுத்தேன். மணி அடிக்க ஆள் இல்லை. அப்படியே தூங்கிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனேன். இதை உனக்கு எப்படி எழுதுவேன்? ஒரு மாதம்கூட நடத்தத் துப்பில்லை என்று சொல்ல மாட்டாயா? அதனால் அவர்கள் வருவதாகவே எழுதினேன். வஜ்ராசனம் அப்படி வந்ததுதான். உட்கார்ந்து கற்பனை செய்யும்போது இரும்பு முட்டி மறந்துவிட்டது.

அதன் பிறகுதான் சைக்கிள் ஆட்களைக் கூப்பிட்டேன். மெதுவாகப் போகிறவர்கள், என்னைப் போலவே. வேலைக்குப் போகும் வழியில் ஏறி வருவார்கள். கொஞ்சம் வளைவோம், கொஞ்சம் பேசுவோம், கிளம்பிவிடுவோம். முன்னால் ஏன் ஒரு விரிப்பு சும்மா கிடக்கிறது என்று நர்ஸ் என்னிடம் கேட்கவில்லை. தினமும் அதைப் பார்ப்பார். ஒருநாள் ஒரு பூவைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். மற்றவர்களும் நின்றார்கள். "ஐயோ, அதெல்லாம் இல்லைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அறை அவ்வளவு அமைதியாக இருந்தது அக்கா. நீ இருந்தபோது உன் அதட்டலுக்குப் பயந்து வரும் அமைதி இல்லை இது. நான் பேசினால் கேட்பதற்காக நின்றார்கள். என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அன்று சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் எப்படிச் சொல்வது? தையல் கடைக்காரி, "எப்படி டீச்சர்?" என்று கேட்டபோது "தூக்கத்துல" என்று வாயில் வந்துவிட்டது.

உன் வகுப்பில் அத்தனை வருடமும் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஈரச் சுவரோரம் என் இடம். எல்லோர் முன்னாலும் மரக்கட்டை என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ உயிரோடு இருந்தவரை யாரைப் பார்த்தாலும் "உங்கக்கா மாதிரி வராது" என்றுதான் சொன்னார்கள். இவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இதை நியாயம் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஜனவரி முதல் திங்கட்கிழமை வா. அன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். என் வாயாலேயே சொல்வேன், உன்மேல் சத்தியம். உன் விரிப்பில் நீ வந்து உட்கார்.

மன்னிப்புக் கேட்கும்,
சின்னு

ஜனவரி 9

சின்னு,

உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முட்டிக்கார அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இருந்தாலும் இதைத் தபாலில்தான் போடுவேன். நான் நன்றாக இருக்கிறேன். அதை நீ ஒருத்திதான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் கடைசி வரிசையிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மனதில் பாதிக் கோபத்தை வழியிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தேன். உன் கடிதம் என்னைச் சுட்டது. மரக்கட்டை என்று சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. நீ எல்லோர் முன்னாலும் சொன்னதும் எழுந்துபோய் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும், "போனால் போகிறது, இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவோம்" என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை கூடப் பார்த்தேன்.

காவல்காரர், "அட, அக்காவா! எப்ப வந்தீங்க?" என்று எழுந்து நின்றார். அவருக்கு நான் செத்தது தெரியாது, பாவம். மாடிக்கு ஏறும் யாரும் அவரிடம் நின்று பேசியதில்லை போலிருக்கிறது. வாசலில் உன் ஆட்களின் சைக்கிள்கள் வரிசையாக இருந்தன. என் பச்சை சைக்கிளும் இருந்தது, பூட்டாமல். பளபளவென்று துடைத்து வைத்திருந்தாய்.

என் விரிப்பில் போய் உட்காரவில்லை. நீ சொன்ன பிறகு உட்காரலாம் என்று தூணுக்குப் பக்கத்தில் உன் இடத்தில் உட்கார்ந்தேன். அந்தச் சுவர் இவ்வளவு ஈரம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்தான் உன் நர்ஸ் போலிருக்கிறது. என் பக்கம் சாய்ந்து, "புதுசா? பயப்படாதீங்க. இங்க யாரும் திட்ட மாட்டாங்க. முன்னாடி இருந்தவங்கதான் ரொம்பக் கண்டிப்பாம். ஆனா தங்கமானவங்களாம்" என்றார்.

"யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"டீச்சர்தான். அவங்களைப் பத்திப் பேசும்போதெல்லாம் டீச்சருக்குக் கண் கலங்கிடும்."

அப்போது நீ உள்ளே வந்தாய். என்னைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று சொல்லாதே. கையில் இருந்த பூ கீழே விழுந்தது, தையல் கடைக்காரி எடுத்துக் கொடுத்தாள். அதை விரிப்பில் வைத்தாய். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாய். இதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். உனக்காகப் பயந்தேன், சின்னு. தைரியமாகச் சொல்லடி என்று மனதுக்குள் சொன்னேன்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க" என்றாய்.

நானும் மூடிக்கொண்டேன். அத்தனை வருடம் நான் சொல்லி நீ மூடிய கண். அன்று நீ சொல்லி நான் மூடினேன். எனக்காக நானே ஒரு நிமிடம் நின்றேன். நான் எட்டாத தூரத்தில் ஆற்றங்கரையில் இருந்தபோது நீ என்னைக் கொன்றது வலித்தது. ஆனால் அதைப் பயத்தில் செய்தாய், தனிமையில் செய்தாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாய்.

உன் வகுப்பு நன்றாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் பொய் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. யாரும் முக்கவில்லை, முனகவில்லை. இடையில் ஒருவர் ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்; சிரித்தபடியே குனிந்ததில் என் இடுப்பு கூட லேசாகிவிட்டது. உன் முதுகு அழகாக வளைகிறது. இதையெல்லாம் நீ எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன். வகுப்பையே கூட உனக்குக் கொடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. கொடுத்திருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது. நீ கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சவாசனத்தில் படுத்தபோது கண்ணீர் ஓடிக் காதுக்குள் போனது. எல்லோரும் அசையாமல் கிடந்தார்கள். எனக்குத்தான் கிடக்க முடியவில்லை. எழுந்தேன். நீ ஜன்னல் ஓரத்தில் மணியில் கை வைத்தபடி நின்றிருந்தாய். அந்த அறையில் கண் திறந்திருந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். கதவு வரை மெதுவாகத்தான் நடந்தேன். "அக்கா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன்.

விரிப்பும் மணியும் அங்கேயே இருக்கட்டும். செத்தவளின் சாமான்கள், அவளுக்கு எதற்கு? சைக்கிள் மட்டும் உயிரோடு இருப்பவளுடையது, எடுத்துக்கொண்டேன். இனி நீ பஸ்ஸிலேயே போ. வாங்க முடிந்தால் உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள், அதில் மணி இருக்கட்டும்.

தெருவில் இறங்கியதும் முன்னால் ஒரே கூட்டம். வாயைத் திறந்தேன். "ஓரம்! ஓரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பழக்கடைக்காரர் கூடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி, "அட, அக்கா வந்துட்டாங்கப்பா!" என்று எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர் அடுத்த கடைக்குச் சொன்னார். அப்போதுதான் மேலே நீ மணி அடித்தாய். உன் ஆட்கள் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், ஜன்னலுக்கு வந்திருப்பார்கள், "யார் டீச்சர் அது?" என்று கேட்டிருப்பார்கள்.

நீ என்ன பதில் சொன்னாயோ எனக்குத் தெரியாது. என் குரல் உனக்குக் கேட்கவில்லை என்று மட்டும் எழுதாதே.

அக்கா